அடுத்த தேர்தல் வரை

“அடுத்த தேர்தலிலே பார்த்துக்கொள்ளுவோம்.” நமது கிராமங்களின் வாசிகசாலைத் திண்ணைகளிலே இவ்வாக்கியத்தைக் கேட்டிராதவர் இலர். சந்தைக் குத்தகை யாருக்குப் போயிற்று, வீதிக்கென இறக்கிய கிறவல் யாருடைய வளவிலே கொட்டப்பட்டது, சபையின் உழவு இயந்திரம் யாருடைய வீட்டுக்குக் கல் ஏற்றியது என்று விவரம் தெரிந்தோர் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போவர். கேட்டிருப்போர் தலையை அசைப்பர். ஈற்றிலே எவரோ ஒருவர் இவ்வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சால்வையை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு எழும்புவார். அத்துடன் கூட்டம் கலைந்துவிடும். முறைப்பாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையிலே ஒரு சபையின் நான்காண்டுத் தவணை நீண்டு கிடக்கும். அந்நான்காண்டு முடியுமுன்னர் கிறவல் தேய்ந்துவிடும். குத்தகைக் கணக்கு மறந்துவிடும். சில வேளைகளில் முறைப்பாடு சொன்னவரே ஒரு சிறு ஒப்பந்தத்தைப் பெற்று மௌனியாகியும் விடுவார்.

மக்கள் தாம் தெரிந்தெடுத்த ஒருவர் பதவியைத் தவறான வழியிலே பயன்படுத்துகின்றார் என்று கருதும்போது, தவணை முடியும்வரை காத்திராமல் அவரைத் திருப்பியழைத்தல் அறமாகுமா? குற்றம் நீதிமன்றிலே நிரூபிக்கப்படாத நிலையிலும் அவ்வாறு செய்யலாமா? இவ்வினாவைச் சட்ட வல்லுநரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் ஆகாது. ஒருவரிடம் நாம் ஒப்படைத்த அதிகாரம் யாருடைய பொருள் என்ற அடிப்படைப் பிரச்சினை இதனுள்ளே பொதிந்து கிடக்கின்றது.

திருப்பியழைத்தலை மறுப்போர் கூறும் நியாயங்கள் இரண்டு. இரண்டும் அலட்சியஞ் செய்யத்தக்கனவல்ல. முதலாவது, தவணை என்பது ஓர் உடன்படிக்கை என்பது. நாள்தோறும் தலைக்குமேலே கத்தி தொங்கக் கண்ட பிரதிநிதி, அன்றைய கைதட்டலுக்காக மட்டுமே ஆட்சி நடத்துவான். ஊர்ப் பொதுக் கிணற்றைச் சகல சாதியினருக்கும் திறந்துவிட வேண்டுமானால், பெரிய மனிதரின் வேலியை வெட்டி ஒழுங்கையை அகலமாக்க வேண்டுமானால், ஒருவனுக்குச் சில காலமாவது அச்சமின்றி இருக்க இடம் வேண்டும். இரண்டாவது நியாயம் இதனிலும் கனமானது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதியே என்பது மனித குலம் நெடுங்காலம் போராடிப் பெற்ற பேறு. ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கையொப்பமற்ற ஒரு மொட்டைப் பெட்டிசத்தினால் நேர்மையான ஓர் ஆசிரியர் ஒரே வாரத்திலே தொலைதூரத்துக்கு மாற்றப்பட்ட கதை எந்தப் பாடசாலையிலே இல்லை? வதந்தி நீதிபதியாகுமிடத்திலே முதலிலே பலியாகுபவன் யோக்கியனே.

எனினும், இரண்டாவது நியாயத்தைச் சற்று நிதானித்து நோக்கின், தண்டனையும் நம்பிக்கையும் அதிலே ஒன்றாகக் குழம்பிக் கிடப்பது புலனாகும். ஓர் ஊரின் கூட்டுறவுச் சங்கக்கடையை எடுத்துக்கொள்வோம். பெட்டகத்தின் சாவியைத் தனாதிகாரியிடம் அங்கத்தவர் கொடுத்திருக்கின்றனர். இருப்புக்கும் புத்தகத்துக்கும் பொருத்தம் இல்லை. கேட்டால் அவர் புத்தகத்தையும் காட்டுகின்றாரில்லை. அவரைச் சிறையிலே அடைக்க வேண்டுமாயின் சாட்சியம் வேண்டும், வழக்கு வேண்டும், ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் வேண்டும். ஆனால் சாவியைத் திரும்பக் கேட்பதற்கு அவையெல்லாம் வேண்டுமா? சாவி அவருடைய சொத்தன்று. அதனை வைத்திருப்பது அவருக்குரிய உரிமையன்று; அது அங்கத்தவர் அவரிடம் வைத்த நம்பிக்கை. ஒருவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதற்கு நிரூபணம் தேவை. அவனிடம் ஒப்படைத்ததைத் திரும்பப் பெறுவதற்குத் தகுந்த காரணம் போதும்.

இன்னொன்றையும் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். பதவித் துஷ்பிரயோகத்திலே பெரும்பகுதி சட்டத்தின் வலையிலே அகப்படுவதேயில்லை. முதலிலே செப்பனிடப்பட்ட ஒழுங்கை தவிசாளரின் மைத்துனர் வீட்டு ஒழுங்கையாக இருக்கலாம். அதற்குரிய தீர்மானம் முறைப்படி நிறைவேறியிருக்கும். கேள்விப்பத்திரம் முறைப்படி கோரப்பட்டிருக்கும். கணக்குப் பரிசோதகரின் சிவப்பு மை படுவதற்கு ஓர் இடமும் இராது. களவு நடந்திருந்தால் நீதிமன்று பார்த்துக்கொள்ளும். களவாகாத பாரபட்சத்தை விசாரிக்கும் நீதிமன்று எது? அவ்விடத்து மக்களின் தீர்ப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

1871 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத் தொழிலாளர் இவ்வுண்மையைத் தம் அரசின் அத்திவாரமாக்கினர். அவ்வாண்டு மார்ச் 26 ஆம் திகதி தெரிவான கொம்யூனின் அங்கத்தவர்கள், தம்மைத் தெரிந்தவர்களால் எவ்வேளையிலும் திருப்பியழைக்கப்படக்கூடியவராய் இருந்தனர். பொது ஊழியர் எவரும் ஆண்டுக்கு 6,000 பிராங்குக்கு மேலே சம்பளம் பெறலாகாது என்றும் கொம்யூன் விதித்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். பதவி ஊதியத்தால் கொழுக்கும் இடமாக இருக்கும்வரை, அதனைப் பிடித்தவர் விடார். கொம்யூன் எழுபத்திரண்டு நாட்களிலே இரத்த வெள்ளத்தில் அமிழ்த்தப்பட்டது. ஆயினும், பிரதிநிதி மக்களின் எசமானன் அல்லன், அவர்களின் ஊழியன் என்ற கருத்து அவ்வெள்ளத்திலே அமிழ்ந்துவிடவில்லை. அதே ஆண்டிலே கார்ல் மார்க்ஸ் எழுதிய ‘பிரான்சில் உள்நாட்டுப் போர்’ அதனை உலகத் தொழிலாளர் முன்னே வைத்தது.

இக்கருத்து அன்றாட நகர நிர்வாகத்திலே எவ்வாறு தொழிற்படும் என்பதை அறிய, முதலாளித்துவ நாடொன்றின் நகருக்கே போதல் நன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரம் 1906 இலே திருப்பியழைக்கும் உரிமையைத் தன் சாசனத்திலே சேர்த்துக்கொண்டது. 1910 மார்ச்சிலே ஹைராம் கில் என்ற வழக்கறிஞர் அங்கு மேயராகத் தெரிவானார். சூதாட்டத்தையும் விபசாரத்தையும் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள்ளே அடக்கிவைப்பதே அவர் கூறிய திட்டம். நடந்ததோ வேறு. வப்பன்ஸ்டைன் என்பவரை அவர் பொலிஸ் தலைவராக்கினார். விடுதிகளிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதம் 10 டொலர் வீதம் பொலிஸார் கப்பம் வாங்குகின்றனர் என்ற பேச்சு ஊரெங்கும் எழுந்தது. ஏறத்தாழ 500 அறைகள் கொண்ட ஒரு பெரும் விடுதியைக் கட்டுவதற்கு, பொதுத் தெருவின் ஒரு பகுதியையே நகரசபை 15 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மேயர் ஊரில் இல்லாதபோது பதில் மேயர் பொலிஸ் தலைவரை விலக்கினார். கில் திரும்பிவந்து அவரை மீண்டும் அதே நாற்காலியிலே இருத்தினார்.

இதற்கிடையே, 1910 நவம்பரிலே வாஷிங்டன் மாநிலத்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். மேயரைத் திருப்பியழைக்கும் விண்ணப்பத்திலே கையொப்பங்கள் சேர்ந்தன. 1911 பெப்ரவரியிலே வாக்கெடுப்பு நடைபெற்றது. ஏறக்குறைய ஓராண்டின் முன்னர் ஆண்கள் மட்டும் வாக்களித்து ஏற்றிவைத்த மேயரை, ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாக்களித்து இறக்கினர். டில்லிங் என்பவர் அவரிடத்திற்கு வந்தார். வப்பன்ஸ்டைன் பின்னர் இலஞ்ச வழக்கிலே குற்றவாளியாகிச் சிறை சென்றார். கில் எந்நீதிமன்றிலும் குற்றவாளியாகக் காணப்படவில்லை.

குற்றவாளியாகக் காணப்படாதவரைப் பதவியிலிருந்து இறக்கியது அநீதியாகாதா? இதற்கு விடை 1914 இலே கிடைத்தது. அவ்வாண்டு கில் மீண்டும் மக்கள் முன் வந்தார். தாம் முன்னர் பிழைவிட்டதை ஒப்புக்கொண்டு, இனித் திருந்தி நடப்பதாக வாக்களித்தார். அதே நகரம் அவரை மறுபடியும் மேயராக்கியது. திருப்பியழைத்தல் தண்டனையாக இருந்திருந்தால் இது நிகழ்ந்திராது. அவருடைய சுதந்திரம் பறிக்கப்படவில்லை. அரசியல் உரிமை பறிக்கப்படவில்லை. நம்பிக்கை மட்டுமே திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறப்பட்ட நம்பிக்கை மீண்டும் கொடுக்கப்படவும் கூடும் என்பதே அதன் தன்மை.

கதை அத்துடன் முடியவில்லை. 1916 நவம்பர் 5 ஆம் திகதி, சியாட்டிலிலிருந்து கப்பலேறி அயலூரான எவரெட்டுக்குப் பேச்சுரிமை கோரிச் சென்ற ‘உலகக் கைத்தொழில் தொழிலாளர்’ சங்கத்தவர் மீது, அவ்வூர்ச் செரீபின் ஆட்கள் துறைமுகத்திலே துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். தொழிலாளர் ஐவரேனும் மாண்டனர். திரும்பிவந்தோர் சியாட்டிலிலே சிறைப்படுத்தப்பட்டனர். செல்வந்தரின் பத்திரிகைகள் தொழிலாளரைப் பழித்தபோது, பழி எவரெட் அதிகாரிகளையே சாரும் என்று பகிரங்கமாகக் கூறியவர் மேயர் கில். சிறையிலிருந்தோருக்கு அவர் புகையிலையும் கொடுத்தார். மனிதர் நன்மை ஒரு பக்கமும் தீமை ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பவரல்லர். ஆகவே, ஒருவரைத் திருப்பியழைக்கும்போது அவருடைய ஆன்மாவுக்குத் தீர்ப்பெழுத நமக்கு அதிகாரமில்லை. அவர் அன்று வகித்த பதவியையும் அன்று செய்த செயலையும் பற்றி மட்டுமே நாம் பேசுகின்றோம்.

1911 இன் வெற்றியையும் மிகைப்படுத்தல் ஆகாது. அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தியோர் பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்தினரும் மதகுருமாருமே. அவ்விடுதிகளிலே உழன்ற பெண்களை அங்கே தள்ளிய வறுமை வாக்குச்சீட்டிலே இடம்பெறவில்லை. ஓர் ஆளை மாற்றுவது மட்டுமே அதிலே இருந்தது. திருப்பியழைத்தல் ஒரு கருவி. அது வர்க்க சமுதாயத்தை மாற்றிவிடும் என்று எவரும் மயங்கவேண்டியதில்லை.

அக்கருவி யாருடைய கையிலே இருக்கின்றது என்பதே அடுத்து எழும் வினா. நமது பழம்பெருமை பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டை இவ்விடத்திலே எடுத்துக்காட்டுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, கி. பி. 919 ஐயும் 921 ஐயும் ஒட்டிய ஆண்டுகளிலே பொறிக்கப்பட்ட அவ்விதிகள் உண்மையிலேயே வியக்கத்தக்கன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலையிலே பெயரிடத் தகுதியற்றவர். வாரியத்திலிருக்கும்போதே குற்றம் காணப்பட்டவன் உடனே விலக்கப்படுவான். இவ்விதிகளிலே நாம் கற்கவேண்டியது உண்டு. ஆனால் அச்சபை யாருடையது? வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையிலே வீடும், வேதப் பயிற்சியும் உடைய பிராமணருடையது. அந்நிலத்தை உழுதவன் அங்கே கணக்குக் கேட்கும் இடத்திலும் இருக்கவில்லை, கணக்குக் காட்டும் இடத்திலும் இருக்கவில்லை. ஒரு வர்க்கம் தன் சொந்தப் பெட்டகத்தைத் தானே காவல் செய்வதற்கு வகுத்த ஒழுங்கு அது.

அதே தமிழகத்திலே, ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், பதவியிறக்கம் எவ்வளவு கொடியதாகலாம் என்பதும் காணப்பட்டது. 1996 இலே மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டன. ஆதிக்கச் சாதியினர் அதனை ஏற்கவில்லை. பத்தாண்டுகளாக அங்கே வேட்புமனு வராமல் தடுக்கப்பட்டது. தெரிவாகியவர் உடனே இராசினாமாச் செய்ய வைக்கப்பட்டார். 2006 இலேதான் முறையான தேர்தலை நடத்த முடிந்தது. மேலவளவிலே இராசினாமாவோடு நிற்கவில்லை. அவ்வூராட்சியின் தலைவர் முருகேசனும் அவருடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 ஆம் திகதி வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்கள் பதவியைத் துஷ்பிரயோகம் செய்தனர் என்று சொல்லவும் எவருக்கும் அவசியம் இருக்கவில்லை. அப்பதவியிலே அவர்கள் அமர்ந்ததே குற்றமாயிற்று.

“ஊரார் விரும்பவில்லை” என்ற சொல் எவ்வளவு நஞ்சுடையதாகலாம் என்பதை இதிலிருந்து உணர்கின்றோம். பெரும்பான்மை தன்னளவிலே அறமாகிவிடாது. ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியை ஆதிக்கஞ் செய்வோர் இறக்குவதற்கு வழிசெய்யும் உரிமை, உரிமை என்ற பெயருக்கே அருகதையற்றது. ஆகவே, திருப்பியழைக்கும் விண்ணப்பத்தின் முதலாவது நிபந்தனை, அப்பிரதிநிதி செய்த செயல் இன்னது என்று பெயர் சொல்லிக் கையொப்பமிட்டுக் காரணங் காட்டுதல். காரணத்தைப் பகிரங்கமாக எழுதவேண்டி வரும்போது, சாதிக் குரோதம் வெளிச்சத்துக்கு வரக் கூசும். கூசாவிடினும் அதனை மறுத்துரைக்கவாவது நமக்கு ஓர் இடம் கிடைக்கும்.

மக்களின் பெயரால் வேறொருவர் இக்கருவியைப் பிடித்துக்கொள்ளும் அபாயத்தையும் இடதுசாரிகளாகிய நாம் ஒளிக்காமல் பேசுதல் வேண்டும். ரஷ்யப் புரட்சி வெற்றிபெற்ற சில வாரங்களுள், 1917 இறுதியிலே, திருப்பியழைக்கும் உரிமை சட்டமாயிற்று. 1936 ஆம் ஆண்டுச் சோவியத் அரசியலமைப்பின் 142 ஆம் உறுப்புரையிலும் அது இடம்பெற்றது. ஆனால் யாரை நிறுத்துவது, யாரை இறக்குவது என்பதைக் கட்சியின் செயலகமே தீர்மானித்தபோது, எழுத்திலிருந்த உரிமை மக்களின் கையிலே இருக்கவில்லை. நமது இலட்சியத்தின் பெயரால் நடந்தது என்பதற்காக இதனை மறைப்பின், மற்றவரைக் கணக்குக் கேட்கும் தகுதியை நாமே இழந்துவிடுவோம்.

இனி, நமது நாட்டைப் பார்ப்போம். இலங்கையின் உள்ளூராட்சிச் சபையொன்றின் தவிசாளரை இறக்குவதற்குப் பல கதவுகள் உண்டு. மேலிருந்து இறக்கலாம்: அதிகாரத் துஷ்பிரயோகம் நிகழ்ந்ததென்று திருப்தியுற்றால் சபையைக் கலைக்கவும் தவிசாளரை விலக்கவும் அமைச்சருக்குச் சட்டம் இடமளித்தது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் அம்மேற்பார்வை மாகாணங்களிடம் வந்தது. வட மாகாண சபையின் தவணை 2018 அக்டோபரிலே முடிந்தபின், பல ஆண்டுகளாக அங்கே தெரிவான மாகாண சபையே இல்லாமல், அதிகாரம் நியமனம் பெற்ற ஆளுநரிடம் தங்கிற்று. பக்கத்திலிருந்தும் இறக்கலாம்: ஒரு கட்சியின் பெயரிலே தெரிவானவர் அக்கட்சியின் உறுப்புரிமையை இழப்பின் ஆசனத்தையும் இழப்பர். உள்ளிருந்தும் இறக்கலாம்: வரவு செலவுத் திட்டம் இருமுறை தோற்றமையால் 2020 டிசம்பரிலே யாழ்ப்பாண மாநகர முதல்வர் பதவியிழந்தார். அவ்வாக்கெடுப்பின் நியாய அநியாயம் எவ்வாறாயினும், அவருக்கோ அவரை எதிர்த்தோருக்கோ வாக்களித்த யாழ்ப்பாணத்து மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமைச்சர், கட்சித் தலைவர், சக உறுப்பினர் ஆகிய மூவருக்கும் கதவுண்டு, வாக்காளனுக்கு இல்லை.

அவனுக்குள்ள ஒரே கதவாகிய அடுத்த தேர்தலும் எப்போதும் திறந்திருக்கவில்லை. 2018 இலே தெரிவான சபைகளின் தவணை முதலிலே ஓராண்டு நீட்டப்பட்டது. 2023 மார்ச்சிலே நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடத்தப்படாமற் போயிற்று. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டிலே தீர்ப்பளித்தது. வாக்களிப்பு நடந்தது 2025 மே 6 ஆம் திகதி. இடையே இரண்டாண்டுகளுக்கு மேலாகச் சபைகளிலே தெரிவானவர் ஒருவரும் இருக்கவில்லை. “அடுத்த தேர்தலிலே பார்த்துக்கொள்ளுவோம்” என்று எழும்பிச் சென்றவர், அத்தேர்தல் எப்போது வரும் என்பதையும் தாம் தீர்மானிக்க இயலாதவர் என்பதை அன்று அறிந்திருப்பார்.

ஆதலின், மக்களின் கையிலே அக்கருவி வரவேண்டுமென நாம் கோருவது நியாயமே. அது எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு மேலே கண்டவையே வழிகாட்டுகின்றன. தெரிந்த வட்டாரத்து வாக்காளரே திருப்பியழைக்கவேண்டும். அமைச்சரோ கட்சியோ அல்ல. விண்ணப்பம் பகிரங்கமாயும் வாக்களிப்பு இரகசியமாயும் இருத்தல் வேண்டும்; காணிக்காரனுக்கு அஞ்சும் கூலித் தொழிலாளி மறைப்பிலேதான் தன் மனத்தைச் சொல்லமுடியும். குற்றஞ் சாட்டப்பட்டவரின் மறுமொழி குற்றச்சாட்டுடன் ஒரே தாளிலே அச்சாகி வீடுதோறும் சேரவேண்டும். பதவியேற்றவருக்குக் குறைந்தது ஓராண்டு கால அவகாசம் வேண்டும்; பொதுக் கிணற்றைத் திறக்கும் துணிவுக்கு அது காப்பு. இறக்கப்பட்டவர் மீண்டும் போட்டியிடும் உரிமையை இழத்தல் ஆகாது. ஒதுக்கப்பட்ட ஆசனமாயின், அம்மக்களிலே கணிசமானோரின் கையொப்பமின்றி விண்ணப்பம் செல்லுபடியாகக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் சட்டம் வரும்வரை என்ன செய்வது என்று கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலே இருக்கின்றது. சந்தைக் குத்தகையின் கேள்விப்பத்திரங்களையும், கிறவல் இறக்கிய கணக்கையும், உழவு இயந்திரத்தின் ஓட்டப் பதிவையும் எழுத்திலே கேட்பதற்கு எந்த வாக்காளனுக்கும் தடையில்லை. ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதும். ஆனால் அக்கையொப்பத்தை இடத்தான் நாம் தயங்குகின்றோம். திண்ணையிலே பத்துப் பேர் முன்னிலையிலே உரத்துச் சொன்னதை, பெயர் எழுதிச் சொல்லும்படி கேட்டால் “எனக்கேன் வீண் வம்பு” என்கின்றோம். மொட்டைப் பெட்டிசம் பிறப்பதும் இக்கோழைமையிலேதான்.

பிரதிநிதி ஒருவரைத் திருப்பியழைப்போர் ஓர் ஒப்புதலையும் உடன் செய்கின்றனர்: இவரிடம் சாவியைக் கொடுத்தவர்கள் நாங்கள், கொடுத்தபோது இவருடைய சாதியையோ, கட்சியின் நிறத்தையோ, தேர்தலன்று கிடைத்த சாராயத்தையோ பார்த்தோம், பிழை எம்முடையதும் ஆகும். இவ்வொப்புதல் இல்லாத கோபம் பழிவாங்கலாகவே முடியும். இவ்வொப்புதலைச் செய்ய மனமற்றவனுக்கு “அடுத்த தேர்தல்” என்ற சொல் மிகவும் வசதியானது; அது பிரதிநிதியை மட்டுமன்றி அவனையும் நான்காண்டுக்குக் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகின்றது.

அடுத்த முறை அவ்வாக்கியம் திண்ணையிலே சொல்லப்படும்போது, ஆசிரியர் ஒருவரோ மாணவர் ஒருவரோ எழும்பாமல் இருந்து, ஒரு தாளை விரித்து, “முதலிலே கணக்கைக் கேட்போம், யார் யார் கையொப்பமிடுகிறீர்கள்?” என்று வினவுவாராக. எத்தனை பேர் அத்திண்ணையிலே எஞ்சியிருக்கின்றனர் என்பதைக் கொண்டு, அவ்வூரின் சனநாயகத்தை அளந்துகொள்ளலாம்.